முதல் மெட்ச் தோத்தாச்சு, அதான் சந்தோசமா இருக்கன்

உவர்மலை யுனைடெட்
செவ்வாய் 19 ஓகஸ்ட் 2025, காலை 7.50

சரி, இங்கிலாந்து ஃபுட்போல் ப்ரீமியர் லீக்ட முதல் கிழமை முடிஞ்சுது. விடியப்புறம் 12.30க்குத் தொடங்கின லீட்ஸ் எவர்ட்டனோட பத்து மெட்ச்சும் சரி, என்ட நித்திரையும் சரி. ஞாயிறு இரவில இருந்து ஃபோனுக்கு வாற நக்கல் மெசேஜ் எல்லாத்துக்கும் ஒரே இடத்தில பதில் சொல்லிப்போட்டு வேலைக்குப் போவம் எண்டுதான் எழுதுறன்.

ஓம், எங்கட மான்செஸ்டர் யுனைடெட் தோத்தது. எங்கட சொந்தக் கிரவுண்ட் ஓல்ட் ட்ரஃபோர்ட்ல வச்சே ஆர்சனலிட்ட 1-0. ஆனா சத்தியமா சொல்லுறன், போன வருசம் முதல் மெட்ச் வெண்டப்ப இருந்தத விட இப்ப மனசு நல்லா கிடக்கு.

போன வருசம் ஞாபகமா? ஃபுல்ஹமோட 87வது நிமிசம் சிர்க்சே கால நீட்டி ஒரு கோல், 1-0, நாங்க என்னவோ கப்பே வந்த மாதிரி துள்ளினம். முடியேக்க 42 புள்ளி, 15வது இடம். அதுக்கு முந்தின வருசமும் வுல்வ்ஸோட 1-0 வெண்டு 8வது. 2021ல லீட்ஸுக்கு அஞ்சு அடிச்சம், நவம்பர்ல கோச் சோல்ஷார வீட்ட அனுப்பிட்டாங்க. 2013ல மொய்ஸ் கோச்சா வந்த முதல் லீக் மெட்ச் சுவான்சிக்குப் போய் 4-1, ஏப்ரல்ல மொய்ஸ் இல்ல.

இப்ப மற்றப் பக்கத்தப் பாருங்க. 1992ல ப்ரீமியர் லீக் தொடங்கினதில இருந்து இதுக்கு முதல் நாங்க முதல் மெட்ச் தோத்தது ஏழே ஏழு தரம், கொப்பி ஒற்றையில எழுதி எண்ணினனான். 92ல ஷெஃபீல்ட் யுனைடெட்டோட தோல்வி, அந்த வருசம் கப் எங்களுக்கு, 95ல வில்லாவோட தோத்தும் கப், 2004 செல்சியோட தோத்து மூண்டாம் இடம், 2012 எவர்ட்டனோட தோத்து திரும்பக் கப், 2014ல சுவான்சி எங்கட கிரவுண்டுக்கே வந்து அடிச்சிட்டுப் போனது ஆனா நாலாம் இடம், 2020 பலஸோட தோத்து ரெண்டாம் இடம், 2022 பிரைட்டனோட தோத்து மூண்டாம் இடம். ஏழு தோல்வி, ஒரு தரமாவது நாலுக்குக் கீழ போகேல்ல. இது எட்டாவது. விளங்குதா நான் ஏன் சிரிச்சுக்கொண்டு திரியிறன் எண்டு?

சாத்திரம் ஒரு பக்கம் கிடக்கட்டும், மெட்ச்சையும் பாத்தனான்தானே. கோல் பக்கம் 22 சொட் அடிச்சம். போன சீசன்ல யுனைடெட் இவ்வளவு முன்னுக்குப் போய் விளையாடினத எப்ப கண்டனீங்க? குன்யா பந்த எடுத்து நேர ஓடுறான், ம்பியுமோ ரெண்டு பேர இழுத்துக்கொண்டு போறான், டோர்கு அடிச்சது கம்பத்தில பட்டுது. அந்த ஒரு கோர்னர் மட்டும் இல்லாட்டி...

---

நிலாவெளி கன்னர்
காலை 8.12

அந்த ஒரு கோர்னர் மட்டும் இல்லாட்டி எண்டு தொடங்கிறவனோட எனக்குக் கதையே இல்ல 😂😂

22 சொட் அடிச்சும் ஒண்டும் உள்ள போகேல்ல எண்டா அதுக்குப் பேர் அட்டாக் இல்ல மச்சான், மாங்காய்க்குக் கல்லெறியிறது. நாங்க ஆர்சனல், 13வது நிமிசம் ரைஸ் ஒரு கோர்னர், கலஃபியோரி ஒரு தலை, மூண்டு புள்ளி, பஸ் ஏறி வீட்ட.

உண்மையச் சொன்னா எங்கட விளையாட்டும் வாய்க்கு உப்பில்லாத சோறு மாதிரித்தான் இருந்தது. புது ஃபோர்வர்ட் கியோக்கரெஸுக்கு எவ்வளவு எதிர்பாத்தம், அவன் பந்தத் தொட்டத விரல்ல எண்ணலாம், ஒரு மணித்தியாலத்தோட இறக்கி ஹாவெர்ட்ஸப் போட்டாச்சு. எங்கட கீப்பர் ராயா இல்லாட்டி கதை வேற. ஆனா கோர்னர் எண்டு வந்தா எங்களுக்கு ஆள் இல்ல. ஜோவர் எண்டு ஒரு கோச் 2021ல வந்தவர், அவருக்கு வேலையே அதுதான். நீங்க 20 கோடி பவுண்டுக்கு மேல குடுத்து மூண்டு ஃபோர்வர்ட் வாங்கினீங்க, ஒரு கோர்னர் பிடிக்க ஆள் வாங்கேல்ல.

கொத்து ரொட்டி எப்ப வாங்கித் தாற எண்டு சொல்லு. பந்தயம் பந்தயம்தான், சாத்திரம் சொல்லித் தப்ப ஏலாது.

---

அன்ஃபீல்ட் அக்கா
காலை 9.05

நீங்க ரெண்டு பேரும் ஒரு கோலுக்கு இவ்வளவு சத்தம். வெள்ளி இரவு, சரியாச் சொன்னா சனி விடிய 12.30க்கு, எங்கட லிவர்பூல் போன்மவுத்தோட விளையாடின மெட்ச்சப் பாத்தீங்களா? 4-2. எகிட்டிகே, காக்போ எண்டு ரெண்டு அடிச்சு நான் வலு சந்தோசமாப் படுக்கப் போவம் எண்டு வெளிக்கிட, அவங்கட செமென்யோ வந்து ரெண்டையும் திருப்பிட்டான். ரெண்டாவது கோலுக்கு அவன் தன்ட பக்கத்தில இருந்து தனிய ஓடி வாறான், எங்கட ஆக்கள் பின்னால பின்னால போய்க்கொண்டே இருக்கினம், ஒருத்தரும் கால வைக்கேல்ல. நான் கத்தின கத்தில அம்மா எழும்பி கள்ளன் வந்திட்டானாக்கும் எண்டு லைட்டப் போட்டிட்டா. பிறகு 88ல கியேசா, கடைசியில சலா.

இதில என்ட தலைவிதி என்னெண்டா செமென்யோ என்ட ஃபேன்டசி டீம்ல (உண்மையான ஆட்டக்காரர எடுத்து டீம் கட்டி, அவங்கட ஆட்டத்துக்குப் புள்ளி சேர்க்கிற நெட் விளையாட்டு). ஏழு மில்லியன் விளையாட்டுக் காசுக்கு எடுத்தனான். அவன் அடிக்க அடிக்க எனக்குப் புள்ளி ஏறுது, நெஞ்சு இறங்குது.

ஆனா ஒண்டு சொல்லோணும். அந்தப் பொடியன 29வது நிமிசம் போல ஆரோ ஒருத்தன் பார்வையாளர் பக்கத்தில இருந்து நிறத்தச் சொல்லி ஏசி, ரெஃப்ரி மெட்ச்ச நிப்பாட்டி ரெண்டு கோச்சையும் கூப்பிட்டுக் கதைச்சது. அந்த மனநிலையோட நிண்டு ரெண்டு கோல் அடிக்கிறதெண்டா. எங்கட கிரவுண்ட்ல நடந்தது, எங்களுக்குத்தான் வெக்கம்.

ஜூலையில கார் விபத்தில செத்த எங்கட இருபதாம் நம்பர் ஜோட்டாவுக்கு 20வது நிமிசம் முழுக் கிரவுண்டும் பாடினது. மெட்ச் முடிஞ்சு சலா தனிய நிண்டு கண்ணத் துடைச்சவன். அதுக்கு மேல எனக்கு ஸ்கோர் ஞாபகம் இல்லாமப் போயிட்டுது.

---

லிங்கநகர் சிற்றி
காலை 9.40

அக்கா அது சரியான கவலைதான். நானும் எழும்பி நிண்டனான் டிவிக்கு முன்னால.

வுல்வ்ஸ் 0 எங்கட மான்செஸ்டர் சிற்றி 4. ஹாலண்ட் 2, ரெய்ண்டர்ஸ், ஷெர்கி. ஃபேன்டசியில நான் ஹாலண்ட கேப்டனாப் போட்டது 26 புள்ளி. வேற ஒண்டும் சொல்லுறதுக்கு இல்ல, நன்றி, வணக்கம்.

யுனைடெட் தம்பி நீ ஆரப் போட்டனீ கேப்டனா?

---

உவர்மலை யுனைடெட்
காலை 9.52

வில்லாட வாட்கின்ஸ்

---

லிங்கநகர் சிற்றி
காலை 9.53

😂😂😂 வில்லா 0 நியூகாசில் 0

---

உவர்மலை யுனைடெட்
காலை 10.20

சிரிங்க சிரிங்க. லைவ்ல பாத்தவனுக்குத்தான் தெரியும் ஞாயிறு என்ன கொடுமை எண்டு. உள்ள இருக்க ஏலாத புழுக்கம், கூட்டாளி வீட்டில டிவியத் தூக்கி விறாந்தையில வச்சு பத்துப் பன்னெண்டு பேர், கச்சான் காத்துக்கு (தென்மேற்குக் காத்து) கச்சான் கடலை கொறிச்சுக்கொண்டு. ஒன்பது மணிக்கு மெட்ச் தொடங்குது, பிளேன்டீ கைக்கு வருது, ஒரு வாய் குடிச்சு நாக்கச் சுட்டிட்டு ஊதிக்கொண்டு இருக்கிறன், கோர்னர். எங்கட கீப்பர் பயிந்திர் கையத் தூக்குறான், ஆர்சனல் சாலிபா குறுக்க நிக்கிறான், போல் எங்கயோ தட்டுப்பட்டு கோல் வாசல்ல விழப் போகேக்க கலஃபியோரி தலையால வைக்கிறான். டீ ஆற முதல் மெட்ச் முடிஞ்சுது. கன்னர் எழும்பி ஆடின ஆட்டத்தில கச்சான் சுருள் எல்லாம் முத்தம் முழுக்க.

அது ஃபவுல் எண்டுதான் நான் இப்பவும் சொல்லுவன். கீப்பர இப்பிடி மறிச்சா அவன் எப்பிடிப் பாய்வான்?

---

பழைய கீப்பர்
பகல் 1.15

தம்பிமார் எல்லாரையும் காலையில இருந்து வாசிச்சுக்கொண்டு இருக்கிறன், கடையில சனம் குறைஞ்ச நேரம் பாத்து எழுதுறன்.

முதல்ல ஒரு புதினம். இண்டைக்கு ஓகஸ்ட் 19. அந்த வில்லா தோல்வி 1995 ஓகஸ்ட் 19, சரியா 30 வருசம். அந்த வருசம் ஏப்ரல்ல இஞ்ச திருகோணமலைத் துறைமுகத்தில கப்பல் வெடிச்சு திரும்பச் சண்டை தொடங்கின காலம், இருட்டினா ஆரும் வெளிய இல்ல, டிவியில மெட்ச் பாக்கிறதெண்டதெல்லாம் கனவு. சனிக்கிழமை இரவு ரேடியோவில பிபிசி உலக சேவைய இழுத்துப் பிடிச்சா இரைச்சலுக்குள்ள ஸ்கோர் வாசிப்பான். வில்லா மூண்டு, யுனைடெட் ஒண்டு. சின்னப் பொடியங்கள வச்சு ஒண்டும் வெல்ல ஏலாது எண்டு அண்டிரவு இங்கிலாந்து டிவியில விமர்சகர் ஹான்சன் சொன்னவராம், நாங்க அதக் கேள்விப்பட்டது எத்தினையோ வருசத்துக்குப் பிறகு. அந்தப் பொடியங்கள் ஆரெண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல, பெக்கம் அடிச்ச ஒரு கோல்தான் அண்டைக்கு.

இப்ப உன்ட கொப்பி ஒற்றைக்கு வாறன். ஏழு தோல்வியையும் சரியாத்தான் எண்ணி இருக்கிறாய். ஆனா அந்த ஏழிலயும் கோலுக்கு ஆர் நிண்டவன் எண்டு எழுதினியா? 92, 95 ஷ்மைக்கேல். 2012, 14, 20, 22 நாலும் டி ஹேயா. 2004 மட்டும் ஹோவர்ட். எட்டாவதுக்கு நேர பயிந்திர் எண்டு எழுதிப் பார்.

அடுத்தது ஃபவுல் கதை. நான் ஏகாம்பரம் கிரவுண்ட்லயும் மெக்கெய்சர்லயும் பதினாறு வருசம் கீப்பரா நிண்டவன், அதால கொஞ்சம் கதைக்கலாம். கோர்னருக்கு உனக்கு முன்னால ஒருத்தன் வந்து நிப்பான், கையால பிடிக்க மாட்டான், முதுகக் குடுத்துக்கொண்டு சும்மா நிப்பான். நீ அவனுக்குப் பின்னால நிண்டா முடிஞ்சுது. இஞ்ச ஓகஸ்ட்ல பின்னேரம் கச்சான் அடிக்கேக்க உயத்தின பந்து வளைஞ்சு கோல் பக்கம்தான் வரும், ஒரு அடி முன்னுக்கு எடுத்து வைக்காட்டி பிடிக்கவே ஏலாது. நான் என்ன செய்யிறனான் எண்டா, போல் வைக்க முதலே அந்த ஆளுக்கு முன்னால போய் நிண்டிடுவன், அவன் திரும்ப முன்னுக்கு வர நானும் வருவன், ரெஃப்ரி ரெண்டு பேரையும் ஏசுவான், அது பரவாயில்ல, ரெஃப்ரிட கண் எங்களில விழுந்திட்டுது எண்டால் அவன் இடிக்கப் பயப்பிடுவான். பயிந்திர் கோட்டில ஒட்டிக்கொண்டு நிண்டவன். பிறகு ஒரு கையால தட்டப் போனவன். ரெண்டு கை குடுத்துக் குத்தி இருந்தா போல் பெட்டிக்கு வெளியில. ஒரு கையெண்டா அது ஆசீர்வாதம் குடுக்கிற கை.

உங்கட மற்றக் கீப்பர் ஒனானாவும் திறம் இல்லத்தான். ஆனா ஆள் வாங்கிற டிரான்ஸ்பர் செப்டம்பர் 1 வரைக்கும் திறந்து கிடக்கு. 22 சொட் எண்டு சந்தோசப்படுறத விட்டிட்டு ஒரு கீப்பர் வர வேணும் எண்டு கோணேசரிட்டப் போய்க் கும்பிடு.

---

நிலாவெளி கன்னர்
பகல் 1.22

ஆசீர்வாதம் குடுக்கிற கை 😂😂 அண்ணே இத நான் ஸ்டேட்டஸா போடுறன்

---

உவர்மலை யுனைடெட்
பகல் 1.50

அண்ணே வயித்தில புளியக் கரைச்சிட்டீங்க. ஷ்மைக்கேல், டி ஹேயா எண்டு நான் யோசிக்கவே இல்ல. திரும்ப எழுதிப் பாத்தன், நீங்க சொன்னது சரி.

எண்டாலும் 2014ல டி ஹேயா நிண்டும் சுவான்சி ரெண்டு போட்டதுதானே, 2020ல பலஸ் மூண்டு போட்டதுதானே. கீப்பர் மட்டும்தான் எண்டா அண்டைக்கே தோத்திருக்கக் கூடாது. என்ட சாத்திரம் முழுசாச் சாகேல்ல.

---

பழைய கீப்பர்
பகல் 1.58

அண்டைக்கு ஒரு நாள் தோத்தாங்கள். மற்ற 37 நாளும் ஆர் காப்பாத்தினது?

---

கிண்ணியா பத்தாம் நம்பர்
பின்னேரம் 4.30

அஸ்ஸலாமு அலைக்கும் எல்லாருக்கும். கீப்பர் நானா சொன்ன கதை நூத்துக்கு நூறு. மெக்கெய்சர்ல உங்களுக்கு எதிரா நான் விளையாடி இரிக்கேன் எண்டு நினைக்கேன், நான் சின்னப் பொடியன் அப்ப, நீங்க என்ட காதுல ஏசினது இன்னும் இரிக்கு.

நான் கேக்க வந்தது வேற. பலஸ்ட எஸே ஃப்ரீ கிக்ல அடிச்ச கோல ஏன் ரத்துப் பண்ணினாங்க? செல்சி பலஸ் 0-0. நம்ம வாட்ஸ்அப் குரூப்ல ரெண்டு நாளா சண்டை. என்ட விளக்கம் இதான்: மூண்டு பேர் அல்லது அதுக்கு மேல மதில் கட்டினா, அடிக்கிற பக்கத்து ஆள் ஒரு மீட்டர் தள்ளித்தான் நிக்கணும், 2019ல வந்த சட்டம். பலஸ் ஆள் குவேஹி மதிலோட ஒட்டி நிண்டு ஆளத் தள்ளிட்டான். கோல் என்னமோ அழகான கோல், சட்டமும் சரி. ரெண்டும் உண்மை. போன வருசமும் முதல் மெட்ச்லதான் பிரென்ட்ஃபோர்டோட எஸேட ஒரு ஃப்ரீ கிக் ரெஃப்ரி அவசரப்பட்டு விசில் ஊதி இல்லாமப் போன. பாவம் அவனுக்கு ஓகஸ்ட் மாசம் சரியில்ல. இப்ப டாட்டனுக்குப் போறானாம் எண்டும் ஒரு கதை.

இன்னொண்டு மனசுல கிடக்கு, சொல்லிட்டுப் போறன். நாம ஓல்ட் ட்ரஃபோர்ட்ல எந்தக் கையால தட்டினான் எண்டு ஒரு நாள் முழுக்க கதைக்கம். நம்ம நாட்டுல 2021ல சூப்பர் லீக் எண்டு முதல் தடவையா ப்ரொஃபெஷனல் லீக் தொடங்கின நேரம் பத்து கிளப், அதுல வடக்கு கிழக்குல இருந்து ஒண்டுகூட இல்ல. கிண்ணியாவுல தெருவுக்கு ஒரு டீம் இரிக்கு. 2023 ஜனவரியில ஃபிஃபா நாட்டையே தடை பண்ணி ஓகஸ்ட்லதான் எடுத்த. அந்த ஏழு மாசம் எங்கட பொடியன்மார் பூட்ஸ ஆணியில தொங்கப் போட்டுட்டு கடலுக்குப் போனாங்க.

---

அன்ஃபீல்ட் அக்கா
பின்னேரம் 5.10

தம்பி சொல்லுறது சரி. 2018ல வடக்கு கிழக்கு ப்ரீமியர் லீக் எண்டு நடந்ததே, திரிங்கோ டைட்டன்ஸ் எண்டு எங்கட பேர்லயும் ஒரு டீம். அப்ப என்ட தம்பி அந்த ஜேர்சியப் போட்டுக்கொண்டு ரியூசனுக்கும் போனவன், தோய்க்கக் கூட விடேல்ல. ஒரு ஊருக்கு ஒரு டீம் இருந்தா அது எவ்வளவு பிடிப்பு எண்டு அப்பதான் கண்டன். இப்ப அதே தம்பி பயேர்ன் மியூனிக் ஜேர்சியோட திரியிறான், கேட்டா கலர் வடிவாம்.

---

லிங்கநகர் சிற்றி
பின்னேரம் 6.05

எல்லாரும் ஒரு டீம மறந்திட்டீங்க. சண்டர்லண்ட்! எட்டு வருசத்துக்குப் பிறகு கீழ் லீக்ல இருந்து மேல வந்து முதல் மெட்ச்லயே வெஸ்ட் ஹாமுக்கு 3-0. லீட்ஸும் எவர்ட்டன 1-0, டார்கோவ்ஸ்கிட கையில பட்டு பெனால்டி (அது பெனால்டியா எண்டு எனக்கு இன்னும் சந்தேகம், கை உடம்போடதான் கிடந்தது). போன ரெண்டு சீசனும் மேல வந்த மூண்டு மூண்டு டீமும் அப்பிடியே திரும்பிக் கீழ போனது. போன வருசம் முதல் கிழமை மூண்டில ஒண்டும் வெல்லேல்ல. இந்த முறை மூண்டில ரெண்டு வெண்டிருக்கு. பேர்ன்லி மட்டும் டாட்டனிட்ட மூண்டு வாங்கினது, ரிச்சார்லிசன்ட ரெண்டாவது கோலப் பாருங்க, அந்தரத்தில படுத்துக்கொண்டு அடிச்சவன்.

---

நிலாவெளி கன்னர்
பின்னேரம் 6.20

சண்டர்லண்டுக்கு இப்பவே மாலை போடாத. 2010ல பிளக்பூல் முதல் மெட்ச் விகனுக்குப் போய் 4-0 அடிச்சது, சீசன் முடியேக்க கீழ. 2016ல ஹல் சிற்றி, அப்ப நடப்புச் சம்பியன் லெஸ்டர 2-1 வெண்டது, அதுவும் கீழ. நாங்க 2021ல முதல் மூண்டு மெட்ச்சும் தோத்து கடைசியில கிடந்து அஞ்சாவதா வந்தனாங்க. ஓகஸ்ட் புள்ளிப் பட்டியலப் பாத்து ஆரும் காணி வாங்கக் கூடாது.

---

உவர்மலை யுனைடெட்
பின்னேரம் 6.31

அப்ப நீ ஏன் ஞாயிறு அந்த ஆட்டம் ஆடின?

---

நிலாவெளி கன்னர்
பின்னேரம் 6.32

அது யுனைடெட்டுக்கு அடிச்சதுக்கு. அதுக்கும் புள்ளிப் பட்டியலுக்கும் சம்பந்தமில்ல 😂

---

பழைய கீப்பர்
இரவு 9.10

கடை பூட்டியாச்சு.

கிண்ணியாத் தம்பி, காதில ஏசினது நான்தான், நீ கோர்னருக்கு என்ட கால மிதிச்சுக்கொண்டு நிண்டனீ. ஆளக் கண்டா இப்பவும் அடையாளம் பிடிப்பன்.

இந்த வருசம் இன்னொரு சட்டம் வந்திருக்கு, ஆரும் கதைக்கேல்ல. கீப்பர் பந்தக் கையில எட்டு செக்கனுக்கு மேல வச்சிருந்தா எதிர்ப் பக்கத்துக்குக் கோர்னர். முந்தி ஆறு செக்கன், இன்டிரெக்ட் ஃப்ரீ கிக், அத ஒரு ரெஃப்ரியும் எண்ணினதே இல்ல. இப்ப கடைசி அஞ்சு செக்கன கையத் தூக்கி விரலால காட்டுறாங்கள். எங்கட காலத்தில ஒரு கோலுக்கு முன்னால நிண்டா பந்தக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு படுத்துக் கிடந்து, எழும்பி, பூட்ஸ் லேஸக் கட்டி, பிறகுதான் உதைக்கிறது. அதெல்லாம் ஒரு கலை.

கோர்னர் பிடிக்கத் தெரியாத டீமுக்கு எட்டு செக்கனுக்கும் கோர்னர் எண்டா என்ன கதி எண்டு யோசிச்சுப் பார் யுனைடெட் தம்பி.

---

உவர்மலை யுனைடெட்
இரவு 9.25

அண்ணே நீங்க ஆர்சனல் இல்லையெண்டு சத்தியம் பண்ணுங்க.

சரி, ஞாயிறு 24, இரவு ஒன்பது மணி, ஃபுல்ஹமோட. அதே விறாந்தை. வெண்டா கன்னர்ட கொத்துக் கடன் தள்ளுபடி, தோத்தா ரெண்டு கொத்து, சீஸ் போட்டு. எல்லாரும் சாட்சி.

---

நிலாவெளி கன்னர்
இரவு 9.27

ஸ்கிரீன்ஷொட் எடுத்தாச்சு ✅

---

பழைய கீப்பர்
இரவு 9.40

சனி பின்னேரம் அஞ்சு மணிக்கு ஏகாம்பரம் கிரவுண்டுக்கு வா. கோர்னருக்கு எங்க நிக்கிறதெண்டு காட்டுறன், பிறகு அது ஃபவுலா இல்லையா எண்டு நீயே சொல்லு. கிண்ணியாத் தம்பியும் வந்தா நல்லம், மிதிக்க ஒரு ஆள் வேணும்.

---

கிண்ணியா பத்தாம் நம்பர்
இரவு 9.44

வாறன் நானா

---

உவர்மலை யுனைடெட்
இரவு 9.46

என்னட்ட க்ளவுஸ் இல்லயே

---

பழைய கீப்பர்
இரவு 9.51

என்ட பழைய சோடி ஒண்டு தட்டில கிடக்கு. இடது கைப் பெருவிரல எலி கடிச்சிட்டுது. பரவாயில்ல, ரெண்டு கையும் போட்டுக்கொண்டு நில்.